கணவர் பெயர் எழுதும் கட்டம்

என் அத்தை ஆரம்பித்த பெண்கள் சங்கம் பதினோரு நாள்தான் இருந்தது. அதைக் கெடுத்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மாநில எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட், அம்மாவுக்கு வேறொன்றில். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். என்னை இருவரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, இருட்டும் வரை சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அப்பாவின் தங்கை எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் எனக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் கிடைத்தது.

அத்தைக்கு ஒயர் அசெம்பிளி கம்பெனியில் வேலை. முப்பது பெண்கள் நிற்கும் ஒரு லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கன் ஆணியில் தொங்கும். அது கையில் இருந்தால்தான் கழிவறைக்குப் போகலாம். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள். மாதவிலக்கு நாட்களில் நின்றபடியே அழுதவர்கள் உண்டு. தொழிலாளர் கமிட்டியில் ஆண்களுக்குத்தான் ஓட்டு; பெண்கள் எத்தனை வருடம் ஆனாலும் டிரெய்னிதான். கமிட்டி ஆட்களிடம் போய்ச் சொன்னதற்கு, தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்றார்களாம்.

அத்தை தபால் வழியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தில் ஹங்கேரி நாட்டுப் பெண்கள் வந்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஆபீஸ்களில் வேலை பார்த்த பெண்கள் தங்களுக்கென்று முதலில் ஒரு சங்கம் வைத்தார்கள். அதிலிருந்து இன்னொரு சங்கம் கிளம்பி, பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டது. பரீட்சைக்குப் படித்தோம், விட்டோம் என்று அத்தையால் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பெண்களைப் பிடித்து வைத்துச் சொன்னாள். அவர்களில் பாதிப் பேர் அவளுடைய கம்பெனிதான்.

"ஹங்கேரியா? அது பாகலூருக்கு அந்தாண்டயா?" என்றார் எதிர் வீட்டு அக்கா.

"டவுன் பஸ் போவுதான்னு கேட்டுக்கோ, போயிட்டு வந்துரலாம்" என்றார் பக்கத்தில் துணி அலசிய அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

"சிரிங்கக்கா. அந்த ஊர்ல அப்பல்லாம் கல்யாணம் ஆயிட்டா பொம்பளைக்குச் சொந்தப் பேரே போயிரும். புருஷன் பேருக்குப் பின்னாடி ஒரு ஒட்டு. அவ்ளோதான், அதான் அவ பேரு."

"இங்க மட்டும் என்னவாம்? நாகராஜ் வீட்டம்மான்னாதான் என்னை எவளுக்கும் தெரியும்" என்றார் எதிர் வீட்டு அக்கா.

"அதுக்குத்தான் சொல்றேன். நம்ம சங்கத்துல உங்க பேரு மட்டும்தான். வேற எவன் பேரும் வராது."

சிரிப்பு நின்றது அந்த இடத்தில்தான்.

அந்த வாரம் முழுக்க நான் அத்தையோடு பக்கத்துக் காம்பவுண்டுகளுக்கும் சேர்த்து வீடு வீடாகப் போனேன். என் வாழ்க்கையிலேயே நான் தனியாக இல்லாத வாரம் அது. கழிவறை டோக்கனை ஒழிக்க வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. கடையில் வாங்கிய ரிஜிஸ்டர் தாளில் கட்டங்கள் அச்சாகியிருந்தன. வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கையொப்பம். அத்தையின் கம்பெனிப் பெண்கள் பத்தொன்பது பேர் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அத்தை தாளை மடித்துக் கவரில் வைத்து, "ஒட்டி வைடா கண்ணு, காலையில கம்பெனி ஆபீஸ்ல குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். ஒட்டுவதற்கு முன்னால் நான் பிரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம் மேலிருந்து கீழ் வரை காலி. எங்கள் பள்ளிக்கூடத்தில் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் முட்டியில் ஸ்கேலால் அடி. அத்தைக்கு அடி விழக் கூடாது. பத்தொன்பது பேரின் வீட்டுக்காரர் பெயரும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தப் பெயர்களால்தானே அவர்களையே எனக்குத் தெரியும். ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி முடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியில் மஞ்சுளா மட்டும் எட்டுப் பேர். லட்சுமி அதற்கு மேல். வெறும் பெயரை வைத்து எந்த மஞ்சுளா என்று ஆபீஸில் எவனாலும் சொல்ல முடியாது. அத்தையின் மொத்த தைரியமும் அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருந்தது. நான் அதை நிரப்பிவிட்டேன். கம்பெனி அதிகாரி பெண்களைக் கூப்பிடவே இல்லை. புருஷன்மார்களைப் போனில் கூப்பிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஆட்கள் நின்றார்கள். முன்னால் நாகராஜ் மாமா, கையில் ஜெராக்ஸ் தாள்.

"உன் தங்கச்சிய அடக்கி வைப்பா" என்றார் அப்பாவிடம். "உங்க பொண்டாட்டிய வீட்டுலயே வெச்சுக்கோங்கன்னு ஒருத்தன் எனக்குப் போன் பண்றான்."

பாகலூரில் இருந்து வந்து குடியேறிய அக்கா, "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். "என் பேரை அடிச்சிரு தாயி."

"பேரு மட்டும்னு சொல்லித்தானடி கையெழுத்து வாங்குன?" என்று கேட்டது எதிர் வீட்டு அக்கா. "யாரு எழுதுனது இதை?"

வகுப்பில் தூக்குவது போல என் கை பாதி மேலே போய்விட்டது. அத்தை தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் எழுதுனேன்" என்றாள்.

பிறகு கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் நகர்ந்தார்கள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது பெண்களில் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவும் அவளோடு பேசவில்லை. போச்சம்பள்ளி பக்கம் ஏதோ ஒரு கம்பெனி, அங்கே ஹாஸ்டல் என்று கிளம்பினாள்.

நானும் பேசவில்லை. என் காரணம் வேறு. அவ்வளவு அழகாக எழுதியது நான். இத்தனை பேர் வீடு தேடி வந்து யார் எழுதியது என்று கேட்கும்போது, தான் எழுதியதாகச் சொல்லிவிட்டாளே. வாசலில் பையோடு நின்று, "கண்ணு, அத்தை போயிட்டு வரட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். திருடியிடம் எனக்கு என்ன பேச்சு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.