படத்தில் உள்ளவர் இவரே

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஐப்பசி மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவந்த மேகம் திருநெல்வேலி சந்திப்பை முழுவதுமாக மூடியிருந்தது. மின்சாரமும் இல்லை. எங்கள் காப்பீட்டுக் கிளையின் மாடியறையில் எதிரே இருப்பவரின் முகம் தெரிந்தது. முகத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை.

எங்கள் தொழிலின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நோயாளிகளைச் சந்திப்பதே இல்லை. நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களைத்தான் சந்திக்கிறோம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பயணக் காப்பீட்டுப் படிவத்தின் முன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தொண்ணூறுகளில் அதே மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பது விளங்க, அதற்கு முன்னால் நடந்த சிலவற்றையும் சொல்ல வேண்டும்.

செபமாலைப் பையில் மாத்திரை

புன்னக்காயலிலிருந்து பர்னாந்து என்ற பெரியவர் ரோமாபுரி யாத்திரைக்காக வந்தார். கப்பல் வேலையில் ஓய்வு பெற்றவர். படிவத்தில் எல்லா நோய்க்கும் நேராக ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். கையெழுத்துக்கு முன் செபமாலையைத் தொட்டுக்கொள்ளப் பையைத் திறந்தார். செபமாலையோடு, நெஞ்சு வலித்தால் நாவுக்கடியில் வைக்கும் மாத்திரைப் புட்டியும் வெளியே வந்து, உருண்டு என் காலடியில் நின்றது.

அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்றிலிருந்து, படிவத்தை யார் நிரப்பிக் கொண்டுவந்தாலும், ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, விடையைக் காதால் கேட்ட பிறகே கையெழுத்து வாங்குவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெரியவர் கடைசியில் சொன்னது இது: “எழுதினா பாலிசி இல்ல, எழுதலைன்னா உறக்கம் இல்ல. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க தாயி.”

பதினேழு ‘இல்லை’

எங்கள் முகவர்களில் மூத்தவர் தவசிமுத்து அண்ணாச்சி, திசையன்விளைக்காரர். அவர் கொண்டுவரும் படிவங்களில் பதினேழு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பது ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். சேரன்மகாதேவி சங்கரலிங்கம், அவர் மனைவி கோமதியம்மாள் ஆகியோரின் படிவமும் அப்படித்தான் வந்தது. சங்கரலிங்கம் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைவாளராக இருந்தவர். அமெரிக்காவில் ஒரே மகளுக்குப் பேறுகாலம். காப்பீடு இல்லாமல் வர வேண்டாம் என்று மருமகன் எழுதியிருந்தார்.

இணைத்திருந்த மருந்துச் சீட்டில் மறதி நோய்க்கான மருந்தைப் பார்த்தேன். இதற்கு எப்படி ‘இல்லை’ என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி சிறிதும் கலங்கவில்லை. “மேடம், மறதியெல்லாம் நோயா? அப்படிப் பாத்தா நம்ம ஆபீசுல பாதிப்பேரு ஆஸ்பத்திரியிலல்லா கெடக்கணும்.”

அடித்து எழுதியவர்

மறுவாரம் கோமதியம்மாள் தனியாக வந்தார். படிவத்தை வாங்கி, அந்த ஒரு ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘இரண்டு வருடமாக மறதி நோய் உண்டு’ என்று தெளிவாக எழுதினார். அப்படி எழுதினால் மேலிடம் மறுத்துவிடலாம் என்று எச்சரித்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “நான் போகாட்டா மகளுக்கு ஆளில்ல. விட்டுட்டுப் போனா இவங்களுக்கு ஆளில்ல. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, அங்கன ஏதாவது ஆச்சுன்னா எனக்கே ஆளில்ல மேடம்.”

நேரில் கண்டது

மேலிடத்துக் கடிதம் வந்தது. மறதியாலும் அதன் விளைவாலும் ஏற்படும் செலவு கிடையாது. பிற நோய்க்கும் விபத்துக்கும் உண்டு. கையெழுத்தின் பொருள் சங்கரலிங்கத்துக்கு விளங்குகிறது என்று மருத்துவர் சான்றளித்திருந்தார். எனினும் அதிகாரியின் முன்னிலையில் அவரே கையெழுத்திட வேண்டும். கடிதம் கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமை காலையில். மறுநாள் விடிந்ததும் அவர்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் புறப்பட வேண்டும். ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் பயணமே இல்லை.

தவசிமுத்து அண்ணாச்சி இருவரையும் அழைத்து வந்தார். வழக்கப்படி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். சங்கரலிங்கம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக விடை சொன்னார். மறதி உண்டா என்றதற்குக்கூட, “உண்டுன்னு சொல்லுதாங்க” என்றார். பிறகு பேனாவைக் கையில் எடுத்தவர், என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, பைய ஒரு விஷயம். கூட வந்திருக்கிற இந்த அம்மா ரொம்ப நல்லவங்க. வேளைக்குச் சோறு போடுதாங்க, மருந்து தாராங்க. ஆனா என் சம்சாரம் இல்ல. அவ வரட்டும், கையெழுத்துப் போடுதேன்.”

மச்சம்

மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த கோமதியம்மாளுக்கு இது கேட்காமல் இருந்திருக்காது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று சங்கரலிங்கத்திடம் கேட்டேன். “மூலத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்மா. என் சம்சாரத்துக்கு மச்சம் வலது கன்னத்துல. இவங்களுக்கு இடது கன்னத்துல. தாளைப் புரட்டிப் போட்டு நகல் எடுத்திருக்கான்” என்றார்.

முதியவர்களின் படிவத்தில் கணவன், மனைவி இருவரின் படத்தையும் குத்தி, ‘நேரில் கண்டேன், படத்தில் உள்ளவர் இவரே’ என்று எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் கிளையின் நடைமுறை. கோமதியம்மாளின் படத்தின்மேல் அவர் தனியாக வந்த அன்றே அப்படி எழுதியிருந்தேன். இப்போது சன்னல் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. நிமிர்ந்து எதிரே உற்றுப் பார்த்தேன். இடது கன்னத்தில் இருந்தது.

இருபது வருடமாகச் சான்று எழுதிப் பழகியவள் நான். ஆனாலும் அந்தக் கணம் சங்கரலிங்கத்தை நம்பினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எதிரே இருந்த பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கேட்டார்: “என்ன மேடம், நீங்களும் அப்படிப் பாக்கீங்க?”

தாளைப் புரட்டியவர்

மறுபடி படத்தைப் பார்த்தபோதுதான் சேலை முந்தானை கண்ணில் பட்டது. அது வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கம் அப்படி யாரும் உடுத்துவதில்லை. படத்தைப் பற்றி விசாரித்தேன். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேட்டையில் எடுத்தது. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கணவரின் நாற்காலிக்கு எதிரே மாட்டி இரண்டு வருடமாகிறது. அதன் சிறிய பிரதிதான் இது என்றார் கோமதியம்மாள். படச்சுருளைப் புரட்டிவைத்து அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு வந்துபோன ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கு மறதி நோய்.

ஊசியைக் கழற்றிப் படத்தைச் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்து, “நீங்கள் சொன்னது சரி. புரட்டி எடுத்திருக்கிறார்கள்” என்றேன். அவர் தலையசைத்தார். அண்ணாச்சியின் பையில் இருந்த டார்ச் விளக்கைக் கேட்டு வாங்கி, வரைபடத்தைக் கண்ணாடிமேல் வைத்து நகல் எடுப்பவரைப் போலவே, படத்தின் முகத்தை விளக்கோடு பொருத்தி, வெள்ளைப் பின்புறத்தைத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். தாளுக்குள்ளிருந்து முகம் பைய எழுந்து வந்தது. மச்சம் இடம் மாறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். மழை இறங்கும் ஓசை கேட்டது. அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

நாலே முக்காலுக்குச் சங்கரலிங்கம் கையெழுத்திட்டார்; கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. பேனாவைத் திருப்பித் தரும்போது என்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டார்: “இவளை இத்தனை நாளா எங்கம்மா வச்சிருந்தீங்க?”

மறுநாள் காலை

நான் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அலுவலகம் சென்று, கையெழுத்திட்டிருந்த பழைய படிவங்களை எல்லாம் எடுத்து, பெண்களின் படங்களில் முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். இனி எதையும் முன்கூட்டியே எழுதுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு புதிய வாடிக்கையாளரின் படிவத்தை வெற்றாகவே கொண்டுவந்திருந்தார். விடியற்காலையில் சேரன்மகாதேவிக்குப் போய் அவர்களை வழியனுப்பியதையும் சொன்னார்.

கோமதியம்மாள் சுவரிலிருந்த படத்தைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறார். சங்கரலிங்கம் சந்தோஷமாகக் காரில் ஏறி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கார் நகரும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்து, “அந்த இன்னொரு அம்மாவை உள்ளவச்சா பூட்டிட்ட? பாவம், அவங்களுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வச்சே?” என்று கேட்டாராம்.

“பொறவு?” என்றேன், என்னை அறியாமல்.

“கோமதியம்மா காரை நிறுத்தச் சொல்லி, ஏங்கிட்ட சாவிய வாங்கிட்டுப் போயி, கதவத் திறந்து ஒவ்வொரு ரூமா பாத்துட்டுத்தான் வந்தாங்க மேடம். திரும்பப் பூட்டல; அடுப்படி வெளக்கையும் போட்டு வச்சிருக்காங்க.”

அந்தப் பாலிசியில் பயணிகள் இருவர் என்று சரியாகவே எழுதியிருக்கிறேன்; வீட்டில் தங்கிவிட்டவருக்கு எங்களிடம் படிவம் எதுவும் கிடையாது.