மெஷின் அழித்த குரல்

இது நிஜமாக நடந்தது. இந்திராணி பொய் சொல்கிற ஆளில்லை. நேரமெல்லாம் மெஷினிலேயே பதிவாகியிருக்கிறது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் கேளுங்கள். இது டெல்லியில், மே மாத வெயிலில், பட்டப்பகலில் நடந்தது.

ஒரு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் அடித்தளத்தில் இந்திராணியும் நல்லசிவமும் மூன்று வருடமாகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பழைய செம்புக் கம்பியில் வேகமான இன்டர்நெட் கொடுக்கிற வேலை. ஒரே கம்பியில் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசினால், நாம் அனுப்பியதே எதிரொலியாகத் திரும்பி வந்து காரியத்தைக் கெடுக்கும். அந்த எதிரொலியைக் கற்றுக்கொண்டு அழித்துவிடும் மெஷினை உருவாக்கியவள் இந்திராணி. அது கற்கும்போது எதிர்முனை மௌனமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கே போய் உட்காருவது வழக்கம்.

அன்று நல்லசிவம் கிளம்பினார். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவர் மாதிரி நம்பினாள்.

"கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல நான் பாத்துக்கிடுதேன். ரிப்போர்ட்டை சாயங்காலம் ரெண்டு பேர் பேரும் போட்டு அனுப்பிருவோம்" என்றார்.

மணி 2:17. ரிசீவரை எடுத்தாள்.

"அண்ணாச்சி, அங்க மோடத்தை நிறுத்தியாச்சா?"

கர்ர்ர்... என்று இரைச்சல் மட்டும். திரையில் எதிரொலிக் கோடு இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. மூன்று வருட உழைப்பு! சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

2:21. ரிசீவரில் அண்ணாச்சியின் குரல்.

"இந்திராணி பேரை எடுத்துட்டேன்..."

"ஏன் அண்ணாச்சி? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"அவ சின்னப்பொண்ணு... தாங்கிக்கிடுவா..."

அவளிடமே அவளைப் பற்றி, வேறு யாரிடமோ சொல்வது போல...

திரையைப் பார்த்தாள். எதிர்முனையிலிருந்து வரும் சத்தத்தைக் காட்டும் கோடு அசையவே இல்லை. அந்தக் குரல் வர வர, மெஷின் அதை அழித்துக்கொண்டிருந்தது. இந்த முனையிலிருந்து போவதை மட்டும்தான் அது அழிக்கும்.

அப்படியென்றால்... பேசுவது இந்த அறையில்.

திரும்பினாள்.

யாருமில்லை.

2:23. காதோரம் மூச்சுச் சத்தம்...

ஓடினாள்.

மறுநாள் விஷயம் தெரிந்தது. ரிப்போர்ட் முந்தின நாள் மதியம் 2:40-க்கே போயிருந்தது, நல்லசிவம் பேரில் மட்டும். அவர் கிட்வாய் நகருக்குப் போகவே இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தே ஒரு மாதமாகியிருந்தது.

"நேத்து போன்ல 'இந்திராணி பேரை எடுத்துட்டேன்'னு பேசுனது நீங்கதானே?" என்று நேருக்கு நேர் கேட்டாள்.

அவர் முகம் வெளுத்தது. "நேத்து நான் பேசவே இல்லம்மா. முந்தாநேத்து சாயங்காலம் கீழ அந்த மெஷின் ரூம்ல தனியா உக்காந்து ரிப்போர்ட்ல ஒம்பேரை அழிச்சேன். அப்ப வாய்விட்டுச் சொன்னதுதான் அது. அப்பவே ரிசீவர்ல ஒங்கொரல் கேட்டுச்சு... 'நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்'னு."

அந்தக் கேள்வியை இந்திராணி கேட்டதே அதற்கு அடுத்த நாள்தான்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேயைப் பற்றிய பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அதைக் கேட்ட பெறகுமா அண்ணாச்சி ரிப்போர்ட்டை அனுப்புனீங்க?"