ஒரே மதிலில் இரண்டு மீட்டர்

வீதி முழுக்கத் தண்ணீர் மீட்டர் மாட்டியபோது எங்கள் இரண்டு வீட்டு மீட்டரையும் ஒரே மதிலில், ஒட்டி ஒட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்று என் வீட்டுக்கு. மற்றது பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்திக்கு, அதாவது என் கொழுந்தனாரின் மனைவிக்கு. மாட்டியவர்களுக்கு எங்களைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்றைக் கிழக்கு மூலையிலும் மற்றதை மேற்கு மூலையிலும் மாட்டியிருப்பார்கள்.

எனக்குப் படிப்பு அதிகமில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதுவதற்கே பல நாள் பொழுது போயிருக்கிறது. ஆனால் எண் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண்ணை வைத்தால் எது பெரிது, எது சிறிது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர்ச் சிக்கனத்தில் என்னை மிஞ்ச எங்கள் வீதியில் ஆளில்லை என்பார்கள். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள்தான் சொல்வார்கள். சிறுவாணித் தண்ணீர் வாரக்கணக்கில் வராத கோடையிலும் என் வீட்டுக் குடம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அரிசி களைந்த தண்ணீரில் கீரையை அலசி, அதையே வாசலுக்குத் தெளிப்பேன். பாத்திரத்துக்கும் துணிக்கும் வீதியில் இருக்கும் உப்புத் தண்ணீர்க் குழாய். கல்யாண மண்டபத்தில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாதியை இலையோடு விட்டுப் போகிறவர்களை முறைத்து முறைத்தே என் புருவம் நரைத்துவிட்டது. என் ஓரகத்தியோ வாசல் கழுவுகிறேன் என்று வீதியையே கழுவுகிறவள்.

மீட்டர் மாட்டிய பிறகு அளவு எடுக்க ஒரு பெண் வந்தாள். இரண்டு மீட்டரையும் கைப்பேசியில் படம் பிடித்தாள். பிறகு, "இந்த வரிசையிலயே உங்க ஊடுதானுங்க கம்மி," என்றாள்.

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற ஓரகத்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப எங்களுது?" என்றேன்.

"உங்களுதுதானுங்கம்மா எல்லாத்தையும் விட எச்சு."

"மீட்டரு புதுசுங்க்கா," என்றாள் ஓரகத்தி. "பழகப் பழகச் செரியாப் போயிரும்."

பழகுவதற்கு அது என்ன எருமைக் கன்றா? சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சொத்துப் பிரித்த அன்றைக்குப் பார்த்தேன்.

பெரியவன் பங்கு வைக்க வேண்டும், சின்னவன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் வீட்டை நடுவில் பிரித்து, கிழக்குப் பாகம், மேற்குப் பாகம் என்று வைத்தார். கொழுந்தனார் கிழக்கை எடுத்தார். எடுக்கச் சொல்லி முந்தின நாளே அவர் காதில் ஓதியது யார் என்று எனக்குத் தெரியும். கிழக்கில் நல்ல காற்று, பக்கவாட்டில் நீளமாக ஒரு காலி இடம். எனக்கு வாய்த்தது மேற்கு வெயில். "கெழக்கு அவங்களுக்குன்னா, பழைய கொழாய் நமக்கு," என்று நான் ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். எங்கள் வீதிக்கே முதன்முதலாக வந்த இணைப்பு அது. மாமனார் அலைந்து திரிந்து வாங்கியது. அதை மூத்த மருமகள் விட்டுக்கொடுப்பாளா? அவர்கள் புதிதாக ஒரு குழாய் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காலி இடத்தில் அவள் ஒரு எலுமிச்சை வைத்தாள். வேண்டா வெறுப்பாகத்தான் சொல்கிறேன், அப்படி ஒரு மரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொண்டாமுத்தூர்த் தோட்டங்களிலேயே இலை சுருண்டு தொங்கும் சித்திரையில் அது பச்சை மாறாமல் நிற்கும். அவள் அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. மாரியம்மன் நோம்பிக்கு அவள் வீட்டு எலுமிச்சை மாலைதான் அம்மன் கழுத்தில் விழும். நான் வைத்த கறிவேப்பிலை இரண்டு தரம் கருகியது. "எல்லாம் கைராசிங்க்கா," என்பாள். கைராசியாம்.

சரி, மரத்தில் ஜெயித்தாள். தண்ணீர்ச் சிக்கனம் என்ற பேராவது எனக்கு இருந்தது. இப்போது மீட்டரை வைத்து அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கெடுபிடி. மகனுக்குக் குளிக்க அரை வாளி. பேரப்பிள்ளைகள் பல் விளக்க ஒரு சொம்பு. மருமகள் குழாயைத் திறந்தால் நான் பின்னாலேயே போய் நிற்பேன். ஒரு நாள் அவள் கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"இன்னும் என்னத்தக் கொறைக்கறது அத்தை? மூச்சு உடறதையுமா?"

"அதுக்கு மீட்டர் வெச்சா அதையும் கொறச்சுத்தான் ஆகோணும்," என்றேன்.

அடுத்த மாதம் அளவு எடுத்தார்கள். எங்கள் எண் குறையவே இல்லை. அவளுடையது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதன் பிறகு என் மனசு போகாத இடமெல்லாம் போயிற்று. என் குழாயிலிருந்து அவள் தண்ணீர் இழுக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். மாடியில் வற்றல் காயப்போடுகிற சாக்கில் அவள் புழக்கடையை நோட்டம் விட்டேன். ஒரு குழாயும் தென்படவில்லை. மரம்தான் தென்பட்டது, மஞ்சளும் பச்சையுமாகக் காய்த்துக்கொண்டு.

அளவு எடுக்கும் பெண் மறுபடி வந்தபோது ஓரமாக அழைத்துப் போனேன்.

"ஏன் கண்ணு, பக்கத்து ஊட்டு மீட்டரு ஒழுங்கா ஓடுதா? நல்லாப் பாரு."

"அதெல்லாம் நல்லாத்தானுங்கம்மா ஓடுது. உங்களுதைப் பாப்போம். எல்லாக் கொழாயையும் அடைச்சுப்போட்டு வாங்க."

அடைத்துவிட்டு வந்தேன். மீட்டருக்குள் பொட்டு அளவில் ஒரு சக்கரம் இருந்தது. அதைக் காட்டினாள்.

"இது நிக்கோணும். நிக்குதுங்களா?"

நிற்கவில்லை. மெதுவாக, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒழுகுதுங்கம்மா. மண்ணுக்குள்ள எங்கியோ. நாடு பூரா இதே கதைதானுங்க. தொட்டியில இருந்து உடற தண்ணி ஊடு வந்து சேர்றதுக்குள்ள எத்தனையோ காணாமப் போயிருது. அதைத் தேடறதுக்குத்தான் இந்த மீட்டரே."

நாட்டுத் தண்ணீர் எங்கே போனால் எனக்கென்ன? ஊதாரி நான் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா! அதை வாசலில் நின்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

மறுநாள் பிளம்பர் வந்தார். குழாய் போகிற தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தவர் எங்கள் வாசலைத் தாண்டி, கிழக்கே திரும்பி, நடு மதிலில் முட்டி நின்றார்.

"இது அந்த ஊட்டுக்குள்ள போயி, சுத்திக்கிட்டு உங்க சமையக்கட்டுக்கு வருதுங்க," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய குழாய் போட்டபோது ஏது மதில்? ஒரே வீடு. மண் இளக்கமாக இருந்த கிழக்கோரமாகவே மாமனார் குழாயைக் கொண்டுபோயிருக்கிறார். பிறகு நாங்கள் மதில் எழுப்பினோம். மண்ணுக்கு மேலே பிரித்தோம். கீழே பிரிக்கவில்லை.

ஓரகத்தி வீட்டுக்கு நானே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. "தோண்டட்டுமுங்க்கா, அதுக்கென்ன," என்றாள். எலுமிச்சை மரத்தடியில் தோண்டினார்கள். ஒரு முழம் போவதற்குள் சேறு. இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, அதுவும் நாளாக நாளாகப் பெரிதாகியிருந்தது. நாங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில்தான் போயிருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி மரத்தின் வேர், தலைமயிர் போல, கை வைக்க இடமில்லாமல் பின்னிக் கிடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் வெச்ச எருவுலதான் காய்க்குதுன்னு நெனச்சேனுங்க்கா," என்றாள் அவள்.

"எரு உன்னுதுதான் அம்மணி. தண்ணி என்னுது," என்றேன். இத்தனை வருஷம் கழித்து அவளை அம்மணி என்று பிரியமாகக் கூப்பிட எனக்கு வாய் வந்தது. கைராசியைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. குழியே பேசிக்கொண்டிருந்தது.

பழைய குழாயை அடைத்துவிட்டு, மேற்குப் பக்கமாக நேரே புதுக் குழாய் போட்டோம். அடுத்த தரம் அளவு எடுத்த பெண், "இந்த வரிசையிலயே நீங்கதானுங்கம்மா கம்மி," என்றாள். ஓரகத்தி வாசலில் இல்லை. உள்ளே இருந்தாள்.

"இன்னொருக்காச் சத்தமாச் சொல்லு கண்ணு."

"ஏனுங்கம்மா, காது கேக்கலீங்களா?"

"எனக்குக் கேக்குது. நீ சொல்லு."

சொன்னாள். எனக்கு அது போதவில்லை. மரம் வாட வேண்டும், அவள் குழாயைத் திறந்து ஊற்ற வேண்டும், அவள் எண் ஏற வேண்டும் என்று காத்திருந்தேன். கோடை பிறந்ததும் இலை சுருண்டது. மாடியிலிருந்து பார்த்தேன். பிறகு சில வாரத்தில் அதே மரம் நிமிர்ந்து நின்றது. மீட்டரைப் போய்ப் பார்த்தேன். அவள் எண் துளியும் கூடவில்லை.

"என்ன அம்மணி செஞ்சே?" என்று கேட்டே விட்டேன்.

"குளிக்கற தண்ணி சும்மாத்தானுங்க்கா சாக்கடைக்குப் போச்சு. மரத்துக்கு வாய்க்கா வெட்டி உட்டுப்போட்டேன்."

அரிசி களைந்த தண்ணீரைக்கூட விடாத எனக்கு அந்த யோசனை ஏன் வரவில்லை? அன்று முழுக்க அதே நினைப்பு.

நோம்பி முடிந்து, முந்தானையில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொட்டினாள். "இது என்னோட தண்ணியில காச்சதுங்க்கா. பாத்துச் சொல்லுங்க."

அவள் போன பிறகு ஒன்றை அறுத்துப் பிழிந்தேன். பாதிப் பழத்திலேயே டம்ளரின் அடி மறைந்தது. "முன்ன மாதிரி இல்ல அம்மணி, சாறு கம்மி," என்று மதிலுக்கு மேலாகச் சொன்னேன். மறுபாதியைப் பிழிந்துகொண்டேதான் சொன்னேன்.

விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். என் குளியலறைத் தண்ணீர் மேற்கே போகிறது. அங்கே ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது. விதை போட்டு எலுமிச்சை காய்க்க வருஷக்கணக்காகும் என்கிறாள் மருமகள். ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்?