தலையணை மூலையில் இரண்டு எழுத்து

கைவேலை என்பது, அதைச் செய்த கை மட்டும் யார் கண்ணிலும் படக் கூடாத தொழில்.

ஊசியால் விரலும் பேச்சால் காதும் குத்துப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அத்தாவின் மிளகுக் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. காலையில் படகேறி எர்ணாகுளம் போய் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். சாயங்காலம் திரும்பி வந்து துணியில் மயிலும் மல்லிகையும் முளைக்க வைக்கிறேன். எம்பிராய்டரி, துணியில் வர்ணம், துண்டுத் துணி வெட்டி ஒட்டித் தைக்கும் படம், கம்பளிப் பின்னல், எது வேண்டுமானாலும் சரி. நூலை வேலை தருகிறவர்களே வாங்கித் தந்துவிடுவார்கள். கூலியாக ஒரு தட்டு அரிசிப் பத்திரியும் கறியும் வரும். அதில் எனக்குப் புகார் இல்லை, கறி நன்றாகவே இருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. துணியின் மூலையில், பெருவிரல் நகம் அளவு இடத்தில், 'பானு' என்று என் பேர் இருக்க வேண்டும். இரண்டே எழுத்து. அந்த நகம் அளவு இடத்துக்காக நான் போட்ட சண்டைகளில் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் மூலை

எதிர்வீட்டுக் கதீஜா மாமிதான் முதல் வாடிக்கை. மகள் சுபைதாவைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள். எங்கள் ஆட்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தை முடித்துக் கை கழுவியதும், "மோளுடைய கைவேலை ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். உடனே தலையணை உறை, மேசை விரிப்பு, கைக்குட்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். சுபைதாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆகவே மாமி வெள்ளைத் துணியோடு என்னிடம் வந்தார்.

ஒரு மாதம் உட்கார்ந்து மல்லிகைக் கொடி போட்டேன். கொடி முடிகிற மூலையில் என் பேரை ஆரம்பித்தேன். 'பா'வைக் கண்டதுமே மாமி கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். செய்தவள் பேரைச் சொல்வதில் என்ன தப்பு, செய்யாதவள் பேரைச் சொல்வதல்லவா பொய், குர்ஆன் ஓதப் போன இடத்தில் பொய்யைப் பற்றி நமக்கு என்ன சொல்லித் தந்தார்கள் என்று அரைமணி நேரம் வாதாடினேன். மாமி அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே நறுக் நறுக்கென்று நூலை வெட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "உன் பேரைப் போட்டா, மாப்பிள்ளை தினம் ராத்திரி உன் மேலல்லவா தலை வெச்சுப் படுப்பான்?"

காயம்பட்ட விரல்கள்

பெண் பார்க்க வந்த அன்று, சுபைதாவின் சிநேகிதி என்ற பேரில் நான் அடுக்களையில் நின்றேன். தையலைப் பற்றி யாராவது குடைந்து கேட்டால் கதவிடுக்கு வழியாக அவளுக்கு விடை சொல்வது என் வேலை. மாப்பிள்ளையின் உம்மா ஆமினா மாமி தட்டிலிருந்து தலையணை உறையை எடுத்தார். பூவைப் பார்க்கவில்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அப்படிப் பார்க்கிறவளுக்குத் தையல் தெரியும் என்று அர்த்தம். மாட்டிக்கொள்வோமோ என்று பயம் வந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. நான் போட்ட தையலில் பின்பக்கமும் ஒரு முடிச்சுக் காண முடியாது.

"ஒரே ஒரு இதழ் இப்போ போட்டுக் காட்டு மோளே," என்றார் ஆமினா மாமி. சுபைதா வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள். அதில் சின்ன வெங்காயம் அளவுக்குத் துணிக்கட்டு. மீன் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளாம். மீன் வாங்குவதற்கு முன்பே, காலை எட்டு மணிக்குக் கட்டிய கட்டு அது. அந்த யோசனையும் என்னுடையதுதான். அதற்கும் என் பேர் கிடையாது. சங்கடம் என்னவென்றால், ஆமினா மாமி அதற்கு முந்தின நாள் எங்கள் அடுத்த தெருவில் இன்னொரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுத் தட்டும் நான் தைத்தது. அந்த வீட்டுக்கும் அதே யோசனையைத்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை, சுபைதாவையே பேசி முடித்தார். படி இறங்கும்போது கதீஜா மாமியிடம் சொன்னதுதான் என் காதில் விழுந்தது: "கொச்சங்காடியில பெண்ணு கேக்க வந்தா, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விரல்லயாக்கும் காயம்."

கணக்கில் வராத ஊசி

இந்த அநியாயத்தைக் கல்லூரியிலாவது கேட்போம் என்று நினைத்தேன். எங்கள் பொருளாதார ஆசிரியை தேசிய வருமானம் நடத்திக்கொண்டிருந்தார். எழுந்து கேட்டேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் தைக்கிறாள், பின்னுகிறாள், அது எந்தத் தலைப்பில் வரும்? எந்தத் தலைப்பிலும் வராது, அது பொழுதுபோக்கு என்றார். அதையே கடையில் தையல்காரர் செய்தால்? அது உழைப்பு. அதே ஊசி, அதே நூல், அதே பூ, நடுவில் ஒரு வாசற்படி மட்டும்தானே டீச்சர் வித்தியாசம் என்றேன். பின்வரிசையில் பெஞ்சைத் தட்டினார்கள். நல்லவேளை மணி அடித்தது.

வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்டனைதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லா வாதம் பண்றே பானு. எங்க வீட்டு டீப் பாத்திரத்துக்குச் சூடு ஆறாம இருக்கக் கம்பளியில ஒரு குல்லா பின்னித் தாயேன், சனிக்கிழமைக்குள்ள. உனக்கும் பொழுது போகும்."

கல்கத்தாவிலிருந்து வந்த சாக்கு

அந்தக் குல்லாவை ஆசிரியை வீட்டில் பார்த்துவிட்டு ஏலூரிலிருந்து ஓர் அம்மாள் ஆள் அனுப்பினார். கணவர் தொழிற்சாலையில் அதிகாரி, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வரவேற்பறைச் சுவருக்கு நவீனமாக ஏதாவது வேண்டும் என்றார். நவீனம் என்றால் சாக்குதான் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அத்தாவின் கிடங்கிலிருந்து ஒரு பழைய மிளகுச் சாக்கை எடுத்து உதறி, அளவாக வெட்டி, துண்டுத் துணிகளால் காயலும் மூன்று பாய்மர வள்ளங்களும் தைத்தேன். கடைசி வள்ளத்தின் பாயில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், என் பேர். அந்த அம்மாள் அதை மட்டும் ஊசி முனையால் பிரித்து எடுத்துவிட்டு, கல்கத்தாவில் வாங்கியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். மட்டாஞ்சேரிப் பெண் தைத்தது என்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்களாம்.

ஒரு நாள் விருந்தாளிகள் நிறைய. புழுக்கமாக இருக்கிறதே என்று மின்விசிறியைப் போட்டிருக்கிறார்கள். முதலில் ஒருவர் தும்மினார், அப்புறம் வரிசையாக எல்லோரும். மூக்கைப் பொத்திக்கொண்டு காரணம் தேடிய ஒருவர் என் காயலைச் சுவரிலிருந்து திருப்பிப் பார்க்க, பின்பக்கத்தில் அத்தாவின் கிடங்கு மார்க்கும் அதன் கீழே 'கொச்சி' என்று முழ நீளத்துக்கு ஊர்ப் பேரும். என் பேரைப் பிரிக்கத் தெரிந்தவருக்குச் சாக்கின் பேரைப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த தடவை நான் போனபோது அந்த அம்மாளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை: "கல்கத்தாவுக்குப் பக்கத்துலயும் ஒரு கொச்சி இருக்குன்னு சொல்லித் தப்பிச்சேன். இனிமே ஊர் பேர் தெரியாத சாக்காப் பாத்துத் தை."

அத்தாவின் தீர்ப்பு

அன்று சாயங்காலமே அத்தாவைப் பிடித்துக்கொண்டேன். மிளகு கொடியில் காய்க்கிறது, பறிப்பது யாரோ, உலர்த்துவது யாரோ. நீங்கள் சாக்கில் அள்ளிப் போட்டுத் தைத்ததும் உங்கள் மார்க்கு வந்துவிடுகிறது. முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை நான் போட்ட துணியில் என் மார்க்கு ஏன் வரக் கூடாது என்று கேட்டேன். அத்தா கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்கிறாரே என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அம்மாவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கறி ஊற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "சாக்கு வழியில காணாமப் போகும், அதுக்கு மார்க்கு. உன் தலையணை கட்டிலை விட்டு எங்கே போகப் போகுது?"

மயில் தகடு

சுபைதாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சீரில் வைக்க மயில் போட்ட தலையணை உறை ஒரு டஜன் வேண்டும் என்றார் கதீஜா மாமி. கையால் வரைந்துகொண்டிருந்தால் முடியாது. கிடங்குத் தெருவில் அந்தோணிச் சேட்டன் என்று ஒருவர் இருக்கிறார். சாக்குகளுக்கு மார்க்குப் போடும் தகரத் தகடு வெட்டுவது அவர் தொழில். தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மைப் பிரஷ்ஷால் தேய்த்தால், வெட்டிய இடம் வழியாக எழுத்து இறங்கிவிடும். அதே மாதிரி ஒரு மயில் வெட்டித் தாருங்கள், மை இறங்கிய கோட்டின் மேல் நான் நூல் ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். பிறந்தது முதல் எழுத்தும் எண்ணும் தவிர வேறொன்றும் வெட்டாத மனிதர், மயிலுக்காக இரண்டு நாள் சோறு மறந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் தகடு கைக்கு வந்தது. தோகை விரித்த மயில். அதன் காலடியில், நான் கேட்காமலே, மலையாளத்தில் 'பானு'. அதிலும் இரண்டே எழுத்துதான். என் வாடிக்கைக்காரர்களுக்குப் பேர் பிடிக்காது சேட்டா, அதை அடைத்துக் கொடுங்கள் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைக் கிடங்குத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கப்பலில் கடல் தண்ணீர் பட்டாலும் போகாத மார்க்கு மையை ஒரு குப்பியில் ஊற்றித் தகட்டோடு சேர்த்து என் கையில் திணித்தார். அடைக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பேரில்லாத்த சாக்கு கள்ளச்சாக்காக்கும், மோளே."

பாலக்காட்டு விருந்தாளி

பன்னிரண்டு உறையிலும் மயிலைப் பதித்தேன். பன்னிரண்டிலும் பேரையும் பதித்தேன். பேர் விழுந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், அது போதும் என்று இருந்தேன். பாலக்காட்டில் துணி வெளுக்கிறவர் கல்லில் அடிக்கிற அடியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் இருக்கும். ஆமினா மாமி மருமகளோடு கதீஜா மாமி வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மேசையில் ஒரு தலையணை உறை. மேலே ஓடிய நூலின் சாயம் வெளுத்து மயில் நாரையாகிவிட்டது. ஓரத்து மடிப்பு பிரிந்து, அங்கே கன்னங்கரேலென்று, அன்று காலை எழுதியதுபோல், என் பேர்.

"இது யாரு?" என்று ஆமினா மாமி கேட்டார்.

"துணி வாங்கின கடைப் பேரு," என்றார் கதீஜா மாமி, கண் இமைக்காமல்.

ஆமினா மாமி என் பக்கம் திரும்பினார். "கடைப் பேரா மோளே?"

இத்தனை நாளாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. பதில் நுனிநாக்கில் இருந்தது, அதற்கு ஆதரவாகப் பத்து வாதங்களும் இருந்தன. ஆனால் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் சுபைதா நின்றுகொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்றுகூட அவள் முகம் அப்படி வெளிறிப் போகவில்லை. நான் 'என் பேர்' என்று சொன்னால் அவள் அந்த வீட்டில் ஆயுள் முழுக்கப் பொய்க்காரி. மென்று விழுங்கிவிட்டு, "ஆமா மாமி, கடைப் பேருதான்," என்றேன். என் பேரை நானே பிரித்தெடுத்த மாதிரி இருந்தது.

ஆமினா மாமி உறையை எடுத்தார். பழைய பழக்கம்போல் பின்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சுபைதாவை அடுக்களைக்குப் போய்ச் சாயா போடச் சொன்னார். அவள் போனதும் என்னை உட்கார வைத்து, எதுவுமே நடக்காத குரலில் பேசினார்: "எங்க இளையவளை அடுத்த மாசம் பெண்ணு பாக்க வர்றாங்க. அந்தக் கடையில சொல்லி ஒரு தட்டு நிறைய வேணும். மூலையில பேரு கீரு ஒண்ணும் வேண்டாம். கூட ஒரே ஒரு தலையணை உறை தனியா. அதுல பேரை மடிக்காம, வெளியில, முழுசாப் போடச் சொல்லு. அது எனக்கு. என்னை இனி யாரும் பெண்ணு பாக்க வர மாட்டாங்க."

ஆக இப்போதைய நிலவரம் என்னவென்றால், மெஹர் பானு என்ற என் முழுப் பேரைத் துணியில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாலக்காட்டுக்கு ரயிலேறிப் போய், ஆமினா மாமி தூங்கி எழுந்து தலையைத் தூக்கும்வரை காத்திருந்து படித்துக்கொள்ளலாம்.