வெள்ளைத் திரை போட்ட வான்

ஓய்வு பெற்ற பிறகு என் மனைவிக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். பெரும்பாலும் இரவுக் கடமை. பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவாள். வேலை முடிந்ததும் இரவிலும் பகலிலும் விழித்தே கிடந்தாள். குளிசையின் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். அது அவளைத் தூங்க வைக்கவில்லை, தள்ளாட வைத்தது. ஒருநாள் குசினிப் படியில் விழுந்தாள். அடுத்த தடவை இடுப்பெலும்புதான் என்று அவளே சொன்னாள், வார்டில் கிடக்கும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதைப் போல.

ஓடும் வாகனத்தில் மட்டும் அவளுக்குக் கண் அயர்ந்தது. அதனால் பழைய வான் ஒன்றை வாங்கி, பின் ஆசனங்களைக் கழற்றி, பலகை அடித்து மெத்தை போட்டேன். ஒரு மூலையில் காஸ் அடுப்பு, பக்கத்தில் தண்ணீர்க் கான். ஜன்னல்களுக்குத் திரை தைத்தது அவள். வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரியில் காலம் கழித்தவளுக்கு வேறு நிறம் தோன்றாது. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தன. வத்தளையிலிருந்து கரையோரமாகக் கற்பிட்டி வரை போவது என்று புறப்பட்டோம்.

ஓடும்வரை தூங்கினாள். நின்றால் விழித்தாள். ஆனால் நான் எந்நேரமும் ஓட்ட முடியாது. பத்திரிகை மேசையில் குனிந்தே பழகிய முதுகு, சிலாபத்துக்கு முன்பே நோகத் தொடங்கிவிட்டது. அங்கே மீன் சந்தைக்குப் பின்னால் நிறுத்தினேன். ஐஸ் லொறிகள் ஹோர்ன் அடித்தன. உடப்பில் கடற்கரையில் நிறுத்தினேன். கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடினார்கள். அதோடு ஒரு பெண் வந்து கதவைத் தட்டி, “வீடு வாசல் இருக்கிற இடத்தில ஏன் வானுக்குள்ள கிடக்கிறீங்க? வாங்க, பாய் விரிச்சுத் தாறன்” என்றாள். மறுக்க முடியவில்லை. என் மனைவி அந்தப் பாயில் கண் திறந்தபடி கிடந்தாள். அவளைச் சுற்றியிருந்து வீட்டுக்காரர்கள் அவள் நோயைப் பற்றிக் கதைத்தார்கள். பாலாவியில் ஒரு பொலிஸ்காரர் உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மனைவி நித்திரை என்றேன். அப்படியானால் எழுப்பிக் காட்டுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு, ஓட ஓட, அவள் மறுபடி தூங்கிப்போனாள். நுரைச்சோலையைத் தாண்டியபோது என் கண்கள் மூடத் தொடங்கின. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு ஒன்று வீதியோரமாக இருந்தது. சில வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். தேத்தண்ணிக் கடையொன்றின் அருகே வேப்பமர நிழலில் வானை நிறுத்தினேன். எஞ்சினை உடனே அணைக்கவில்லை. அணைத்த பிறகும் உள்ளே அசைவில்லை. சத்தமில்லாமல் இறங்கினேன்.

கடை வானொலியில் கிரிக்கெட் வர்ணனை போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் வானைப் பார்த்தார். வானொலியை நிறுத்தினார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். எதிரே வெங்காயம் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் பள்ளிவாசல் பக்கமிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கி வந்து மரத்தடியில் வரிசையாகப் போட்டார்கள். பத்திரிகையில் இருந்தவனுக்குக் கதிரை வரிசையைக் கண்டால் தேர்தல் கூட்டம் என்றுதான் தோன்றும். ஒலிபெருக்கி எங்கே கட்டப் போகிறார்கள் என்று கவலையோடு மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

தொப்பி போட்ட வயதான ஒருவர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

“எங்கேயிருந்து வாரீங்க?”

“வத்தளை.”

“கொழும்பு ஆஸ்பத்திரியிலயா இருந்தாங்க?”

“ஓம். கனகாலம்.” யாரோ அவளை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“வெயிலுக்க நிக்காதீங்க, கதிரையில இருங்க. தேத்தண்ணி வருது. ஜனாஸாவ எங்க அடக்கப் போறீங்க? கற்பிட்டியிலயா?”

அப்போதுதான் வானைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் வெள்ளை. முன் கண்ணாடி வழியாக, உள்ளே நீட்டிக் கிடக்கும் ஓர் உருவம். வெளியே களைத்துப்போன ஒரு கிழவன். பாலாவிச் சந்தியில் லொறிகள் ஒதுங்கி வழிவிட்டதை இந்த மாவட்டத்துச் சாரதிகளின் நல்ல பழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

“ஜனாஸா இல்ல, ஹாஜியார்,” என்றேன் மெதுவாக. “உயிரோட இருக்கிறா. நித்திரை.”

அவர் கையை விட்டார். “உசிரோடயா!”

“என்ன காக்கா?” என்று கடைக்காரர் ஹாஜியாரிடம் கேட்டார்.

“மௌத்தில்லயாம். தூங்குறாவாம்.”

“அப்ப நான் என்னத்துக்கு மெச்ச விட்டுட்டு ரேடியோவ நிப்பாட்டினன்?”

“வெள்ளத் துணிய மாட்டிக்கிட்டு ரோட்டுல திரிஞ்சா ஆரு என்னண்டு நினைக்கிறது?” என்றார் கதிரை தூக்கி வந்தவர்களில் ஒருவர். “பச்சையில ஒண்டு வாங்க ஏலாம போச்சா?”

சிரிப்புக் கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, அவள் நித்திரையில்லாமல் படும் பாட்டை, குளிசையை, விழுந்ததை, தணிந்த குரலில் சொன்னேன். சொல்லி முடித்தபோதும் பின்னால் கூடியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்காயம் துப்புரவு செய்தவர்களில் மூத்தவள் எழுந்து வந்தாள். “மௌத்தாப் போனவங்களுக்குக் காது கேக்காது. அவங்களுக்காக எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நிண்டீங்க. கேக்கிற மனுசி உள்ள கிடக்கா, இப்பத்தான் சந்தை போடுறீங்க. வெக்கமில்லையா?”

கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோகவா என்று ஒருவர் சைகையால் கேட்டார்.

“போட்டது போட்டாச்சு,” என்று ஹாஜியார் உட்கார்ந்தார். “இருப்பம்.”

இருந்தார்கள். கடைக்காரர் கண்ணாடிக் குவளைக்குள் கரண்டி படாமல் சீனி கலக்கினார். வெங்காய லொறி ஒன்று வர, ஒருவர் வீதிக்குப் போய்க் கையைக் காட்டி மெதுவாக விடச் செய்தார். சாரதி வானைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார். அவரிடம் விளக்கம் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை.

“அசருக்குப் பாங்கு சொல்லப் போறாங்களே, காக்கா,” என்றார் கடைக்காரர் குசுகுசுவென்று.

“அத நிப்பாட்ட ஏலாது. அதுல எழும்பினா அவவுட நஸீபு, விதி.”

பாங்கு ஒலித்தது. பள்ளிவாசல் கிட்டத்தில்தான். நான் வெள்ளைத் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது காற்றுக்கு மட்டும் அசைந்தது. ஆண்கள் தொழப் போனார்கள். போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று எண்ணினேன். திரும்பி வந்து அதே கதிரைகளில் அமர்ந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. அவிழ்ந்த தலைமயிரோடு என் மனைவி இறங்கினாள். வெங்காயக்காரி, “அல்லாஹ்!” என்று ஓரடி பின்னால் வைத்தாள்; பிறகு தன்னை நினைத்தே சிரித்துக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினாள்.

என் மனைவி கதிரை வரிசையைப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள், என் அருகே வந்தாள். “ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப ஏன் எல்லாரும் இப்பிடி இருக்கினம்?”

“நீர் நித்திரை கொள்ள வேணும் எண்டு.”

அவள் நம்பவில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்தாள். குவளையைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்குக் கொட்டாவி வந்தது. அவளிடம் கொட்டாவியைக் கண்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

“இன்னும் வருது,” என்றாள், வெட்கப்பட்டவள்போல.

“போய்ப் படுங்க, தங்கச்சி,” என்றார் ஹாஜியார். “நாங்க இருக்கம்.”

அவள் ஏறிப் படுத்தாள். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. சாத்துவதற்கு எழுந்தேன். ஹாஜியார் என் சேர்ட்டைப் பிடித்துக் கதிரைக்கு இழுத்தார். “விடுங்க. சாத்தினா சத்தம் வரும்.”