உப்பில்லாத தட்டு

தண்டு என்கிற கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி அல்சூர் என்றதும், ஜட்காக்காரர் என்னையும் கப்பல் சீட்டு ஒட்டிய என் பெட்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அல்சூர்ல யார் வூட்டுக்கு, பெரியவரே?"

யார் வீட்டுக்கு என்று சொல்ல? அங்கே எனக்கு யாரும் மிச்சமில்லை. "சும்மா, தெருவைப் பாக்கத்தான்" என்றேன்.

"தெருவப் பாக்கவா கப்பலேறி வந்தீங்க? இது என் குதிரைக்குத் தெரிஞ்சா நாளைலேர்ந்து கொள்ளு கூடக் கேக்குமே!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ்ராவில் பேரீச்சம்பழம் கிடைக்கும், ரொட்டி கிடைக்கும். இப்படி வம்புக்கிழுக்கிற பேச்சு கிடைக்காது.

முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்துச் சமையல்காரருக்குக் கையாளாகப் போனவன் நான். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. போன இடமான பஸ்ராவில் காய்ச்சலில் விழுந்தேன். பட்டாளம் என்னை விட்டு முன்னே போய்விட்டது. நான் செத்துப்போனதாக வீட்டுக்குத் தகவலும் போய்விட்டது. அப்போது அது எனக்குத் தெரியாது. பிழைத்தெழுந்து ஒரு ரொட்டிக்கடையில் ஒண்டியிருந்தபோது, எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வந்து சொன்னார்: "விஷக்காய்ச்சல் வந்து உங்க தெருவையே தொடச்சிட்டுப் போச்சுப்பா. உங்க வூட்ல அழறதுக்குக்கூட ஆளில்ல."

அழறதுக்குக்கூட ஆளில்ல. மனிதர்கள் சொல்லும் சொல்லையெல்லாம் வாயில் போட்டுக் குதப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அதுதான் படிப்பு. ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, பாவாடை கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த தங்கச்சி இல்லை. அப்புறம் ஊர் எதற்கு? அங்கேயே தங்கிவிட்டேன். பஸ்ராவிலும் மறுபடி சண்டை வந்தபிறகுதான் கிளம்பினேன். பழைய முகம் ஒன்று, 'வா' என்று சொல்ல ஒரு வாய், அவ்வளவு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஊரிலும் பட்டாளம்தான். விமானக் குண்டுக்குப் பயந்து தெருவிளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நான் போனபோது வெறும் மேடாகக் கிடந்த இடத்தை மர்பி டவுன் என்றார் ஜட்காக்காரர். ஏரி மட்டும் இடம் மாறாமல் இருந்தது.

எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். பொழுது சாய்கிற நேரம். தெருவில் ஒரு ஆளில்லை. கதவுகளெல்லாம் ஒருக்களித்துத் திறந்திருந்தன. அடுப்புப் புகை வருகிறது, அடுப்பருகே யாருமில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தெருவையே துடைத்துவிட்டுப் போனதாக அந்த ஆள் சொன்னது இதைத்தானோ என்று நடுத்தெருவிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டு முன்பக்கம் சைக்கிள் கடையாகியிருந்தது. பக்கத்துச் சந்து மட்டும் பழைய சந்து. கால் தானாகப் பின்கட்டுக்குப் போயிற்று. அங்கேயும் கதவு திறந்திருந்தது. உள்ளே, கதவோரம் ஒரு விளக்கு. தரையில் பாய் விரித்து, மூன்று தட்டு நிறையச் சோறு.

அப்போதுதான் உறைத்தது: இன்று கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போயிருக்கிறது.

எங்கள் தெரு வழக்கம் இது. சாமியாருக்குத் தெரிந்தால் பிரசங்கத்தில் கிழிப்பார். ஆனாலும் யாரும் விடமாட்டார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். திரும்பி வந்து, கோயில் மணி அடிக்கிற நேரம் விளக்கை இறக்கி அவர்களை அனுப்பிவிட வேண்டும். "அவங்களுக்கும் கூச்சம் இருக்காதா? நாம பாத்துக்கினு இருந்தா எப்படித் துன்னுவாங்க?" என்பாள் அம்மா. அந்தச் சோற்றில் உப்புப் போடக்கூடாது. "உப்புத் தின்னா போவமாட்டாங்க, இங்கயே தங்கிடுவாங்க" என்று அதற்கும் காரணம் வைத்திருந்தாள்.

முதல் தட்டருகே மூக்குப்பொடி, அப்பாவுக்கு. இரண்டாவதில் வெற்றிலை, அம்மாவுக்கு. மூன்றாவதில் மிளகு போட்ட ஈரல் வறுவல், ஓரத்தில் அரை எலுமிச்சை. விதையை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்திருந்தது.

எலுமிச்சை விதை பல்லில் பட்டால் நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவேன். அம்மாவை விட்டால் அது தெரிந்தவள் ஒருத்திதான். என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். செத்தது நான்.

ரயிலில் சரியாகச் சாப்பிடாத வயிறு. அது என் தட்டு. உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பில்லாத ஈரல் மண்ணைப்போல் இருந்தது. ஒரு பருக்கை விடவில்லை.

பக்கத்து வீட்டம்மாதான் முதலில் உள்ளே வந்தார். "ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டு சந்தில் ஓடினார். பின்னால் நரைத்த தலையோடு ஒருத்தி. அவள் அலறவில்லை. காலித் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"வந்துட்டியா அண்ணா" என்றாள். "இத்தினி வருஷமா தொடவே இல்லியே. கொத்தமல்லி போடலன்னு கோவமா?"

"நான் சாவல தங்கச்சி. உயிரோட வந்திருக்கேன்."

"வர்றவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அம்மா சொல்லியிருக்கு." என் தலைமயிரையே உற்றுப் பார்த்தாள். "அங்கயும் வயசாவுமா, அண்ணா?"

கையை நீட்டினேன். தொட்டால் தெரிந்துவிடுமே! அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"கோயில் மணி அடிக்கப் போவுது. போயிட்டு வா. அடுத்த வருஷமும் ஈரல் வெக்கிறேன்."

அவள் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கை நீட்டி விளக்குத் திரியை இறக்கினாள். இருட்டில் நானே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேன். மணி அடித்தது. வேறென்ன செய்ய? எழுந்து வெளியே வந்தேன்.

மர்பி டவுனில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. ஒரு நாள் பகலில் பக்கத்து வீட்டம்மா வந்து, என் தோளைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கே" என்றார்.

"அவகிட்டச் சொல்லுங்கம்மா."

"அவளுக்குத் தெரியாதா? தெரியும் ராசா. செத்த அண்ணனுக்குச் சோறு வெச்சா போதும். உயிரோட இருந்த அண்ணன்கிட்ட, அப்பா அம்மா ஒரே வாரத்துல போனப்ப 'எங்கடா இருந்தே'ன்னு கேக்கணும். கேட்டா அவ ஒடஞ்சுடுவா. கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். தங்கச்சி தெருவில் எதிரே வந்தால், "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று யாரோ போலக் கடந்துபோவாள். மழைக்காலத்தில் ஒரு நாள் கடைக்கே வந்தாள். "நல்லா வெந்ததா ஒண்ணு குடுங்க" என்றாள். காசைக் கையில் தராமல் பலகையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் உண்மையிலேயே அந்தக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டு, தெரியாமல் நடமாடுகிறேனோ என்று சில சமயம் தோன்றும். மாவு பிசையும்போது விரல் தடம் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

மறுபடி அந்த நாள் வந்தது. அதே சந்து, திறந்த கதவு, ஆளில்லாத தெரு. உள்ளே மூன்று தட்டு. போய் என் தட்டின்முன் உட்கார்ந்தேன். ஈரல்மேல் கொத்தமல்லி தூவியிருந்தது. நிமிர்ந்தபோது தூக்கிவாரிப் போட்டது. இருட்டு மூலையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. அவள் கல்லறைக்குப் போகவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

உப்புப் போட்டிருந்தாள்.

இன்னொரு வாய் எடுத்தேன். கோயில் மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை, அவளும் விளக்கை இறக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடியே, "எங்கடா இருந்தே?" என்றாள்.