நூறு சிசி வண்டியும் அறுபத்தைந்து கிலோ வெல்லமும்

மூன்று வருஷமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கல்யாணம் செய்துகொள்ளக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. என்னிடம் இருப்பது நூறு சிசி வண்டி, வாங்க நினைத்தது முந்நூற்றைம்பது சிசி. இரண்டுக்கும் நடுவில் நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இதை எழுதும்போது என் மனைவி உள்ளறையில் படுத்திருக்கிறாள். அந்தப் பெரிய வண்டியை வாங்க நினைத்தது அவளுக்காகத்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். மைசூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. பிள்ளைகள் இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆயுத பூஜை முடிந்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் போவோம். எங்கள் வீட்டில் வண்டி என்று ஒன்று இருந்தால் அது வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சாமியின் முன்னால் நின்றாக வேண்டும். பஸ்ஸில் போய்வந்தால் கணக்கில் வராது.

கொள்ளேகால் வரைக்கும், அங்கிருந்து ஹனூர் வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போகும். மலை ஆரம்பித்ததும் அதன் சுயரூபம் தெரியும். இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர், அப்புறம் கிளட்ச் தீயும் வாடை. குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கட்டைச் சுவர் ஒன்று உண்டு. அந்த வளைவில் வண்டி சுத்தமாக நின்றுவிடும்.

"நான் எறங்கிக்கறனுங்க" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் இறங்கியும் விடுவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வருவாள். கடந்துபோகும் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நான் மேலே போய் வண்டியை நிறுத்திக் காத்திருப்பேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "முதல்ல வண்டிக்குத் தண்ணி குடுங்க, அதுதான் பாவம்" என்பாள்.

அவளை அப்படி நடக்கவிட்டு மேலே நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால்தான் பெரிய வண்டி. ஷோரூமுக்குப் போய் டெஸ்ட் ரைடு எடுத்தேன், ரிங் ரோட்டில் ஒரு சுற்று. திரும்பி வந்து, "யோச்னே மாடி ஹேள்தீனி" என்றேன். கன்னடத்தில், யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் இந்த வாக்கியத்தை அந்த ஷோரூமில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பார்த்ததும் விற்பனைப் பையன்கள் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

யோசிக்க எனக்குக் காரணங்களா இல்லை? மைலேஜ் குறைவு. எங்கள் சந்தில் திருப்ப முடியாத கனம். தொழிற்சாலையில் ஒருவர், பெங்களூர் ஹைவேயில் டூவீலரையே விடமாட்டான், இதை வைத்துக்கொண்டு எங்கே ஓட்டப்போகிறாய், சர்வீஸ் ரோட்டிலா என்று கேட்டார். அதற்கு ஒரு மாதம் யோசித்தேன். பிறகு சீட் உயரம். அவள் குள்ளம். டேப்பை எடுத்துப்போய் ஷோரூமிலேயே அளந்துவிட்டு வந்தேன். அதே உயரத்தில் எங்கள் காம்பவுண்டு சுவர் இருந்தது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரில் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்து காட்டினாள். "ஏனுங்க, ஏறீட்டேன். போலாமுங்களா?" என்று என் தோளைப் பிடிப்பதுபோல் காற்றில் கையை வைத்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கே போய் வாங்கியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் மலையில் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். எரிச்சலில், "உன் வெயிட்டுக்கு டிராக்டர்தான் வாங்கோணும் புள்ள" என்றேன். விளையாட்டுத்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வாரத்திலிருந்து இரண்டு களி உருண்டை ஒன்றானது. பிறகு ஒன்று பாதியானது. ராத்திரியில் மோர் மட்டும் குடித்தாள். காலையில் நடக்கப் போனாள். எடை மெதுவாகக் குறைந்தது, கொஞ்ச நாள் கழித்து வேகமாகக் குறைந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள். எப்போதாவது வயிறு பிசைகிறது என்பாள். காலி வயிறு பிசையத்தான் செய்யும் என்று நான் வைத்தியம் சொன்னேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மலையேறினோம். கட்டைச் சுவர் வந்தது. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியரிலேயே அந்த வளைவைத் தாண்டியது. நான் காட்டுக்கத்தலாகக் கத்தினேன். அவள் என் முதுகில் படபடவென்று தட்டினாள். "பாத்தியா, இனி புது வண்டி எதுக்கு?" என்றேன். "அதான் நானும் சொல்றேன், இதுவே போதுமுங்க" என்றாள். சாமியின் முன்னால் வண்டிக்கு மாலை போட்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்து நஞ்சன்கூடு கோயில். ஏழெட்டு வருஷத்துக்கு முன் மழையில் வண்டி வழுக்கி எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போது அவள் நஞ்சுண்டேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டாள், தன் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக. விழுந்தது நான், எடை மட்டும் அவளுடையது. கேட்டால், "உங்க எலும்புக்கு எத்தனை வெல்லம் புடிக்கும்? சாமி சிரிக்கும்" என்றாள். செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் இளைத்தபின் தராசில் ஏறலாம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கூச்சம். இப்போது இளைத்தாகிவிட்டது. கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை போவது என்று முடிவு செய்தோம். என் வாழ்க்கையில் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு அது.

தேவராஜ மார்க்கெட்டில் வெல்லக் கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்டார். அவள் முன்பிருந்த எடை எழுபத்திரண்டு. "இப்ப அறுபத்தஞ்சு இருப்பனுங்க" என்றாள். அறுபத்தைந்து வாங்கினோம். வீட்டில் எடை பார்க்கும் மிஷின் கிடையாது. அவள் எத்தனை கிலோ குறைந்திருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரவிக்கை தளர்ந்ததையும் மலையில் வண்டி ஏறியதையும் வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

கோயிலில் ஒரு தட்டில் அவளை உட்கார வைத்தார்கள். மறு தட்டில் அறுபத்தைந்து கிலோ வெல்லம் ஏறியது. வெல்லத் தட்டு தரையில் தொம்மென்று உட்கார்ந்தது. அவள் உட்கார்ந்த தட்டு மேலேயே நின்றது, அவள் கால் தரைக்கு எட்டாமல். தராசுக்காரர் ஒரு கிலோ அச்சு இரண்டை எடுத்தார். தட்டு அசையவில்லை. இன்னும் எடுத்தார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க நான் பின்னால் நின்று விரல்விட்டு எண்ணினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள், விரல்களுக்கு நடுவே என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டுகள் சமமானபோது வெல்லம் ஐம்பத்தொரு கிலோ.

தராசுக்காரர் சிரிக்கவில்லை. வயதானவர், வருஷக்கணக்கில் மனிதர்களை நிறுத்தவர். அவள் இறங்கியதும் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆரோக்யா சரியிதெயா அம்மா?" என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "டயட், டயட்" என்றேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மிச்சம் பதினான்கு கிலோ. சாமிக்கு நேர்ந்தது அவள் எடைதான், மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்தோம். பெட்ரோல் டேங்கின் மேல் சாக்கை வைத்துக்கொண்டு ஓட்டி வந்தேன். அந்த வெல்லத்தில் அவள் கச்சாயம் சுட்டாள், பாயசம் வைத்தாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் கொடுத்தேன். புது வண்டிக்குப் பதிலாக மனைவியை இளைக்க வைத்துவிட்டேன் என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் மட்டும் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. பசிக்கவில்லை என்றாள். பசியையே ஜெயித்துவிட்டாள் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

சிவராத்திரி முடிந்து ஒரு நாள் காலையில் அவள் படியில் சுருண்டு விழுந்தாள். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் போயிருக்கிறது என்றார்கள். எப்போதிலிருந்து எடை குறைகிறது, எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் அம்மா கேட்டார். ஒன்றரை வருஷமாக, கார்த்திகையில் ஐம்பத்தொன்று என்று உடனே சொன்னேன். தேதிவாரியாகச் சொன்னேன். இவ்வளவு தெரிந்தும் ஏன் அப்போதே வரவில்லை என்றார். நாங்கள் அப்போது கொண்டாடிக்கொண்டிருந்தோம் என்பதை எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம் நடந்ததை எழுதத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. கடைசியில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். அவளை இப்போது ஒரு கையில் தூக்கிவிடலாம். தூக்கும்போதெல்லாம் அந்த வளைவில் என் முதுகில் தட்டியது நினைவுக்கு வரும். கெட்ட எண்ணம் ஒன்றும் வரும்: இப்போது இவளை ஏற்றிக்கொண்டு போனால் வண்டி மூன்றாவது கியரில் ஏறும்.

போன வாரம் அவளாகவே பேச்சை எடுத்தாள். "ஏனுங்க, அந்த வண்டிய வாங்கிருங்க. நான் எந்திரிச்சா சுவத்துல ஏறுன மாதிரி ஏறிக்கறேன்." ஏதோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "போய் சொல்லீட்டு வாங்க. இத்தனை நாள் யோசிச்சது போதாதுங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது கோபமா ஆசையா என்று தெரியவில்லை. கிளம்பினேன்.

ஷோரூமில் புதுப் பையன். என்னை அவனுக்குத் தெரியாது, காபியெல்லாம் கொடுத்தான். கறுப்பு நிறம், அதே மாடல் என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்தேன். பாரத்தில் எழுதிக்கொண்டே வந்தவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"சிங்கிள் சீட்டா சார், டபுள் சீட்டா?"

ஒற்றை இருக்கையிலும் அந்த வண்டி வருகிறதாம். இப்போது இளைஞர்கள் அதைத்தான் விரும்புகிறார்களாம். சிங்கிள் என்றால் இந்த வாரமே எடுத்துக்கொள்ளலாம், டபுள் என்றால் மூன்று மாதம் ஆகும் என்றான். மூன்று மாதம் என்று அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

டபுள் என்ற ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்கிள் என்று சொல்லவும் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "யோச்னே மாடி ஹேள்தீனி" என்று சொல்லி வெளியே வந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ரோட்டோரமாகவே தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன், அழுதுகொண்டே.

வீட்டுக்கு வந்ததும், "சொல்லீட்டீங்களா?" என்றாள்.

"சொல்லீட்டேன். டபுள் சீட்டு. மூணு மாசம் ஆகுமாம்."

"மூணு மாசமா?" கூரையைப் பார்த்தாள். "அப்படின்னா அதுக்குள்ள நான் வெயிட்டு போடோணும். பெரிய வண்டிங்க, இப்படியே உக்காந்தா காத்துல தூக்கீட்டுப் போயிரும். அந்த வெல்லத்துல ஒரு துண்டு குடுங்க."

டப்பாவின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சின்னதாக உடைத்து அவள் வாயில் வைத்தேன். கண்ணை மூடி அதை வாயிலேயே வைத்திருந்தாள். தொண்டை இரண்டு முறை அசைந்தது. பிறகு கையை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். என் உள்ளங்கையில் அதைத் துப்பினாள். வெல்லம் கொடுத்தபடியே இருந்தது.